இரு, வாரேன்

இதல்கஸ்ஹின்ன ரயில் கேட்டில்
விமலரத்ன ஒரு பிஸ்கட் பெட்டியோடு நின்றார்.
பெட்டியில் மூன்று ஓட்டை, ஒன்றில் மூக்கு.
ஹப்புத்தளை வந்து சேரும்வரை
சுரங்கத்துக்கு ஒருமுறை என்று
கணக்காய் அழுதது.
நிறத்தைப் பார்த்துக்
கித்துள் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

முதல் வாரம் படித்தது நான்தான்.
செருப்புகள் அலமாரிக்கு மேலே குடியேறின.
விடிகாலை நாலு மணிக்கு, பல் கிட்டும் குளிரில்,
முற்றத்தில் நின்று
"ஒண்ணுக்குப் போ ராசா" என்று கெஞ்சினேன்.
பனியை முகர்ந்து பார்த்துவிட்டு
உள்ளே வந்து, விரித்திருந்த பேப்பரில்
ஒரு மந்திரியின் முகத்தை நனைத்தது.
அதற்கு மட்டும் நான் ஏசவில்லை.

பிறந்த வீட்டிலிருந்து அது கொண்டுவந்தது
ஒரே ஒரு சொல்: எப்பா.
"வேணாம்" என்றால் வாலாட்டும்,
"எப்பா" என்றால் காது மடியும்.
ஏச்சுக்குச் சிங்களம், கொஞ்சலுக்குத் தமிழ் என்று
ஒரு மாதம் ஓடியபின்
இந்தப் பங்கீடு சரியில்லை என்று பட்டது.
விமலரத்னவிடம் போனில் கேட்டு
நல்ல வார்த்தை நாலு எழுதி எடுத்தேன்.

கரண்ட் பில் எழுத வரும் கஜேந்திரனைக் கண்டால்
முழங்காலில் பாயும், காற்சட்டையில் சேறு அப்பும்.
"முதுகைக் காட்டித் தூண்போல நில்லு,
நாலு காலும் தரையில் பட்டபிறகு தொடு" என்றேன்.
மூன்றாம் மாதம், சொல்லாமலே
வாசலில் திரும்பி நின்று தூணானான்.
கித்துள் அவன் பின்னால் மரியாதையாய் உட்கார்ந்திருந்தது.
பில்தான் குறையவில்லை.

"இரு" என்பதுதான் பெரிய பாடம்.
இரு என்றால் உட்கார். இரு என்றால் பொறு.
சோற்றுத் தட்டுக்கு முன்னால் இரு,
நான் குளித்துவிட்டு வரும்வரை இரு,
காய்ச்சலில் துவண்டு கிடந்த இரவில்
நெற்றியில் கைவைத்துச் சொன்னேனே, அந்த இரு.
எதைக் கேட்கிறாய் என்பதுபோல
தலையைச் சாய்த்துப் பார்த்தது.
எனக்கே தெரியவில்லை. ஒரு துண்டு கருவாடு கொடுத்தேன்.

"வா" சுலபமாய் வந்தது.
அதனால் வந்தது வில்லங்கம்.
காலையில் மருந்துக்கடை வேலைக்குப்
பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்க
"வாரேன்டா" என்று படி இறங்குவேன்.
"வா" காதில் விழும். கூடவே வரும்.
திருப்பிக் கொண்டுபோய்க் கட்டினால், மறுபடியும்
பழக்கம், "வாரேன்".
மறுபடியும் படியில் நாலு கால் சத்தம்.
இரண்டு பஸ் போய்விட்டது.
"போறேன்" என்று சொல்லலாம்.
நாக்கு வரமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு டோகாவிலிருந்து தம்பி.
"சரிக்கா, வாரேன்" என்று வைப்பான்.
கித்துள் ஓடிவந்து போனை முகர்ந்துவிட்டு
கதவைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும்.
அவனும் நாலு வருசமாய்ச் சொல்கிறான்.

போன மாதம், பீலிக்கரை குறுக்குப் பாதையில்
பட்டென்று மூடியது மூடுபனி.
முந்தின வாரம்தான் அங்கே
லயத்து நாயொன்றைச் சிறுத்தை இழுத்துப் போயிருந்தது.
என் கையில் அறுந்த வாரின் மிச்சம்.
கித்துள் எங்கோ முன்னால்.
தொண்டை அடைக்கக் கத்தினேன்:
"இரு! வாரேன்!"

சொன்னபிறகுதான் புரிந்தது,
ஒரே மூச்சில் என்ன கேட்டுவிட்டேன் என்று.

ஓட்டமில்லை, குரைப்பில்லை.
சரளைக்கல்மேல் ஏதோ
மெல்ல மெல்ல உரசும் சத்தம் மட்டும்.
வெள்ளைக்குள்ளிருந்து முதலில் மூக்கு.
பிறகு தெரிந்தது,
குண்டியைத் தரையிலிருந்து ஓர் அங்குலமும் எடுக்காமல்
உட்கார்ந்தபடியே,
முன்னங்காலால் இழுத்து இழுத்து
கித்துள் வந்துகொண்டிருந்தது.